திரும்புகிற நேரம் எத்தனை மணி?

கேள்வி:

நாவலூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் கடைசி வாரம் ஆபீஸ் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து உத்தராகண்டில் கேதார்கந்தா பனி ட்ரெக் போகிறோம். இதுவரை நாங்கள் ஏறியது நாகலாபுரம், பர்வதமலை, ஒரு தடவை வெள்ளியங்கிரி. பனியை யாரும் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. 24-ம் தேதி சென்னையிலிருந்து டேராடூன், அன்று ராத்திரியே வண்டி பிடித்துக் காலையில் சாங்க்ரி, போனதும் நடை. 27-ம் தேதி உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்கி, மறுபடி ராத்திரி வண்டி, 28-ம் தேதி விமானம். ட்ரெக்கிங் கம்பெனிகள் கேட்கும் பணத்தில் பாதிக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு உள்ளூர் கைடு கிடைத்திருக்கிறார். எடுத்துப்போகும் பொருள்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? ஒரு நண்பர் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். அமெரிக்காவிலிருந்து வரும் என் பெரியப்பா பையன் சாட்டிலைட்டில் மெசேஜ் அனுப்புகிற கருவி ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்கிறான், வாங்கிக்கொள்ளலாமா? அம்மா மட்டும் "குரங்கணி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

— வாசகி, நாவலூர்

பதில் (மலையேற்றப் பயிற்றுநர்):

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பவர் பேங்க் வரைக்கும் யோசித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் திட்டத்தில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று இருக்கிறது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று இல்லை. உச்சிக்குப் போய்ச் சேராவிட்டாலும் இந்த மணிக்குத் திரும்பிவிடுவோம், திரும்பலாம் என்று இன்னார் சொன்னால் மற்ற ஏழு பேரும் வாதாடாமல் திரும்புவோம் என்று ஒரு வரி. அது இல்லாத திட்டத்துக்கு எவ்வளவு விலை உயர்ந்த ஜாக்கெட் வாங்கினாலும் உதவாது.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், 2024 ஜூனில் அதே உத்தராகண்டில் சகஸ்திரதால் ஏரிப் பாதையில் நடந்ததைப் பாருங்கள். கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பான்மையாக இருந்த 22 பேர் குழு. பலர் பல வருடம் மலை ஏறியவர்கள், கூடவே கைடுகள் இருந்தார்கள், முறைப்படி ஒரு மலையேற்றச் சங்கத்தின் வழியாக வந்தவர்கள். மாதமோ ஜூன். ஜூன் 3-ம் தேதி, 4,000 மீட்டருக்கு மேலே, முகாமுக்குத் திரும்பும் வழியில் பனிப்புயல் பிடித்தது. கண் தெரியவில்லை, முகாம் பல மணி நேரத் தூரம். இரவு முழுக்கத் திறந்த வெளியில் கிடந்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்துதான் மற்றவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுவர முடிந்தது. அனுபவமும் ஆளும் இருந்த குழுவுக்குக் கோடையிலேயே இந்த நிலை என்றால், பனியையே பார்க்காத எட்டுப் பேர் டிசம்பரில் எவ்வளவு இடம் விட்டு நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கேதார்கந்தா சகஸ்திரதால் அல்ல. உயரம் 12,500 அடி, பாதையில் பெரும்பகுதி காடு, எந்த முகாமிலிருந்தும் சில மணி நேரத்தில் ஊருக்கு இறங்கிவிடலாம். முதல் பனி ட்ரெக்குக்கு அதைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. தப்பு உங்கள் காலண்டரில்தான்.

நாவலூரும் கடலும் ஏறக்குறைய ஒரே மட்டம். சாங்க்ரி 6,400 அடி. ஜூடா கா தாலாப் முகாம் 9,100. அடுத்த நாள் அடிவார முகாம் 11,250. கடல் மட்டத்திலிருந்து மூன்றாம் நாள் இரவு 11,000 அடிக்கு மேலே படுத்துத் தூங்கப்போகிறீர்கள், அதுவும் ஒரு ராத்திரி முழுக்க மலைச் சாலையில் குலுங்கிவிட்டு. பத்தாயிரம் அடியைத் தொட்ட பிறகு ஒரு நாளைக்குத் தூங்கும் உயரத்தை ஆயிரத்து அறுநூறு அடிக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது பொது விதி. நீங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் கூட்டுகிறீர்கள். சாங்க்ரியில் ஒரு முழு இரவு சும்மா தங்குங்கள். அதற்குக் கூடுதல் லீவு கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ராத்திரி வண்டி வேண்டவே வேண்டாம். டேராடூனில் படுத்து, விடியலில் கிளம்பினால் மாலைக்குள் சேர்ந்துவிடலாம். டிசம்பரில் வெயில் படாத வளைவுகளில் தார் மேலே கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படிந்திருக்கும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் டிரைவருடன் அதைக் கடப்பது நீங்கள் செய்யப்போகிற எல்லாவற்றையும்விட ஆபத்து.

இப்போது குளிர். சென்னையில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. நம் உடம்புக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான். அங்கே டிசம்பர் இரவு மைனஸ் எட்டு, பத்து என்பது சர்வ சாதாரணம், காற்று அடித்தால் இன்னும் மோசம். வெள்ளியங்கிரி அனுபவத்தை வைத்து அளக்காதீர்கள்.

உங்கள் பட்டியலில் இரண்டு ஜீன்ஸும் நான்கு காட்டன் டி-ஷர்ட்டும் இருக்கின்றன. நாவலூரிலேயே விட்டுவிடுங்கள். காட்டன் வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். உடம்பின் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உறிஞ்சி எடுத்துவிடும். ஏறும்போது வியர்த்து, நின்றதும் நடுங்குவது இதனால்தான். தோலை ஒட்டிப் பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ், ஓய்வுக்கும் இரவுக்கும் தடிமனான டவுன் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத மேலுறை. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். வியர்க்க ஆரம்பித்தால் உடனே நின்று ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். "அப்புறம் கழற்றிக்கலாம்" என்று நடப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. மைக்ரோஸ்பைக், கெய்ட்டர், கைத்தடி எல்லாம் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஷூவை மட்டும் இங்கேயே வாங்கி, ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று. பை சுமக்கக் கோவேறு கழுதை ஏற்பாடு செய்வார்கள். கழுதை உங்களைவிட வேகமாக நடக்கும். உங்கள் டவுன் ஜாக்கெட், உலர்ந்த சாக்ஸ், ஹெட்லேம்ப் எல்லாம் இரண்டு மணி நேரம் முன்னாலேயே முகாமுக்குப் போய்விடும். நீங்கள் பாதி வழியில் பனியில் மாட்டிக்கொண்டு வெறும் ஃபிளீஸோடு நிற்பீர்கள். கனமான பையைக் கொடுங்கள். ஆனால் சூடான மேல் ஜாக்கெட், மேலுறை, ஒரு ஜோடி உபரிக் கையுறை, சாக்ஸ், ஹெட்லேம்ப், விசில், தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய், ஃபாயில் போர்வை, இவை ஒவ்வொருவர் முதுகிலும் இருந்தே ஆக வேண்டும். எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு தார்ப்பாயும் ஒரு ஃபோம் பாயும். படுத்தவர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடத் தரைதான் அதிகம் பிடுங்கும் என்பதால் பாய் இல்லாமல் ஃபாயில் போர்வை மட்டும் போர்த்துவதில் பெரிய பயன் இல்லை.

உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி. 35-க்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. அதைக் கண்டுபிடிக்கத் தெர்மாமீட்டர் தேவையில்லை. முதலில் நடுக்கம் வரும். நடுக்கம் நல்லதுதான், உடம்பு இன்னும் போராடுகிறது என்று அர்த்தம். அடுத்து விரல் பேச்சைக் கேட்காது: ஜிப்பைத் தேடித் தடவுவார், கையுறையைப் போட முடியாமல் திணறுவார். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். முடியவில்லையா, நடையை அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் கால் இடறும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிந்து விழுவார், "நான் நல்லாத்தான் இருக்கேன், விடு" என்பார். அந்த "நல்லாத்தான் இருக்கேன்" என்பதை நம்பவே நம்பாதீர்கள். குளிர் புத்தியையும் கெடுத்துவிடும். தனக்கு ஆபத்து என்பது அவருக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். அதனால் எட்டுப் பேரை நான்கு ஜோடியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி ஒருபோதும் பிரியக்கூடாது. நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள்.

செய்ய வேண்டியது: காற்றிலிருந்து மறையுங்கள், பாய் மேல் படுக்கவையுங்கள், ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு ஸ்லீப்பிங் பேக்கில் நுழையவையுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் நெஞ்சிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். முழு நினைவோடு விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள். உடம்பு ரொம்பக் குளிர்ந்தவரை முரட்டுத்தனமாகத் தூக்கி நடக்கவைத்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். விரல் வெளுத்து மரத்துப்போனாலும் இதே கதைதான்: பனியால் தேய்ப்பது, நெருப்பில் காட்டுவது இரண்டும் விரலைக் காவு வாங்கும். மறுபடி உறைய வாய்ப்பு இருக்கும் இடத்தில் உருக்கவும் கூடாது. மூடிப் பாதுகாத்துக் கீழே கொண்டுபோங்கள்.

பட்டியலின் கடைசியில் "ஓல்டு மங்க் - 2" என்று ஒரு வரி. ரம் குடித்தால் குளிர் தெரியாது என்பது உண்மை. தெரியாமல் போவதுதான் ஆபத்தே. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே போகிறது. நமக்கு இதமாக இருக்கிறது, உடம்பு காலியாகிறது. நடுக்கத்தையும் மழுங்கடித்துவிடும். உயர நோயின் தலைவலியையும் மறுநாள் தலைவலியையும் பிரித்துப் பார்க்கவும் முடியாது. சாங்க்ரிக்குத் திரும்பி வந்த பிறகு உங்கள் விருப்பம்.

அதைவிடப் பெரிய ஆபத்து டென்ட்டுக்குள் அடுப்பு. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தியைப் படித்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டாது. கரி, காஸ் ஸ்டவ், எதுவாக இருந்தாலும் டென்ட்டுக்குள்ளும் மூடிய அறையிலும் கூடாது.

சூரிய உதயத்துக்கு வருகிறேன். எல்லாரும் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்பி வரிசையில் ஏறுகிறார்கள். நாளின் ஆகக் குளிரான நேரம் அது, இருட்டு, டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டம் வேறு. முன்னால் யாராவது தடுமாறினால் பின்னால் இருப்பவர்கள் மைனஸ் பத்தில் அரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டிவரும். முதல்முறை போகிறவர்கள் அந்தப் படத்துக்காக இந்த விலை கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். உதயம் பாதி வழியில் தெரியும், அதுவும் அழகுதான். காலை பத்து மணி என்று திரும்பும் நேரத்தைக் குறியுங்கள். உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தாலும் பத்தானால் திரும்ப வேண்டும். மதியத்துக்கு மேல் மேகம் மூடுவது அங்கே வழக்கம்.

உயர நோய் பற்றிச் சுருக்கமாக. தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, அசதி இருந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு அதே உயரத்தில் தங்குங்கள், கூடினால் இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, இருமலில் நுரை வந்தாலோ, நேர்கோட்டில் குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் சாய்ந்தாலோ நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் குறைந்தது ஆயிரம் அடி கீழே இறக்கியாக வேண்டும். டயமாக்ஸ் தடுப்புக்கு உதவும்; வழக்கமாக 125 மில்லிகிராம் காலை மாலை, ஏற்றத்துக்கு முந்தின நாளே தொடங்குவார்கள். ஆனால் சல்பா அலர்ஜி இருப்பவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம், அதனால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்காதீர்கள். ஏற்கெனவே உயர நோய் வந்தவரை மாத்திரை கொடுத்து மேலே இழுத்துப்போவது குற்றம் என்பேன்.

சர்க்கரை உள்ள நண்பர் தாராளமாக வரலாம், அவருடைய டாக்டர் சம்மதித்தால். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், உருகிய பிறகும் பயன்படாது. அதனால் பையில் வேண்டாம். சட்டைக்குள், உடம்பை ஒட்டி. இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள். பாதியை அவருடைய ஜோடியிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். குளுக்கோமீட்டரும் குளிரில் வேலைநிறுத்தம் செய்யும், அதற்கும் சட்டைப்பை. இன்னொன்றை எட்டுப் பேருமே தெரிந்துகொள்ள வேண்டும்: சர்க்கரை தாழ்ந்தால் வரும் குழறலும் தடுமாற்றமும் ஹைப்போதெர்மியா மாதிரியேதான் இருக்கும். அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் முதலில் சர்க்கரை கொடுங்கள், அப்புறம் யோசிக்கலாம்.

கைடு. உள்ளூர்க்காரர் என்பதால் குறைச்சல் இல்லை; சாங்க்ரிப் பையன்களைவிட அந்தக் காட்டை அறிந்தவர் யார்? ஆனால் இன்ஸ்டாகிராம் வீடியோ ஒரு தகுதி அல்ல. வனத்துறை அனுமதிச் சீட்டு யார் பெயரில் எடுக்கிறார், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனம் மாதிரி எங்காவது பயிற்சி எடுத்தாரா, எட்டுப் பேருக்கு எத்தனை ஆள் வருவார்கள், ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, ஒருவரை இறக்க வேண்டுமானால் கூட யார் போவார், மிச்சம் பேருடன் யார் இருப்பார்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். எட்டுப் பேருக்கு ஒரே ஆள் என்றால் அந்தப் பாதி விலை உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அம்மாவுக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீக்காலத்தில், அனுமதி இல்லாத பாதையில் இருந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. ஆகவே அம்மாவிடம் "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லாதீர்கள். அனுமதிச் சீட்டின் நகல், கைடின் பெயர், போன், ஒவ்வொரு இரவும் எந்த முகாம், 28-ம் தேதி மாலை ஆறு மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். கூப்பிட வேண்டிய எண்கள்: 112, உத்தராகண்ட் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. சென்னையிலிருந்து 112 அடித்தால் தமிழ்நாட்டுக்குத்தான் போகும், 1070-ம் அப்படியே. அதனால் டேராடூன் கட்டுப்பாட்டு அறையின் எஸ்.டி.டி. குறியீட்டோடு உள்ள எண்ணைக் கிளம்பும் முன்பே தேடி எழுதி வையுங்கள். சாங்க்ரிக்குப் போகும் வழியில் உள்ள மோரி, புரோலாவில் அரசு சுகாதார நிலையம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் டேராடூன்தான். ஹெலிகாப்டர் கூப்பிட்டதும் வந்துவிடாது. மேகம் இருந்தால் வரவே வராது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சாகசப் பயணம் விலக்கா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்பதைப் பார்த்து எடுங்கள்.

வானிலை. காற்றழுத்தத் தாழ்வு என்றதும் ஓ.எம்.ஆரில் எல்லோரும் மொபைலை எடுப்போமே, அதே பழக்கம் போதும். வடக்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்'. டேராடூன் வானிலை மையம் உத்தரகாசி மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் சாங்க்ரியில் உட்கார்ந்து மேகி சாப்பிடுங்கள். சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். புதுப் பனி விழுந்த இரண்டு நாள் செங்குத்தான திறந்த சரிவுகளின் பக்கம் போகக்கூடாது. 30-லிருந்து 45 டிகிரி சாய்வில்தான் பெரும்பாலான சரிவுகள் கழல்கின்றன. 2022 அக்டோபர் 4-ல் திரௌபதி கா டண்டா சிகரத்தில் நேரு நிறுவனத்தின் பயிற்சிக் குழுவையே பனிச்சரிவு அள்ளிக்கொண்டு போனது. பயிற்றுநர்களும் அதில் போனார்கள்.

கிளம்பும் முன் இதே எட்டுப் பேரும் ஒரு ஒத்திகை பாருங்கள். வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 2024 அக்டோபரிலிருந்து நாற்பது பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்யலாம், உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். நீலகிரிப் பாதை ஒன்றை மழை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வார நாள்களில் உங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டு, ஞாயிற்றுக்கிழமை பையைச் சுமந்துகொண்டு திருக்கழுக்குன்றம் படி. யார் முன்னால் ஓடிவிடுகிறார், யார் தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறார், "திரும்பலாம்" என்றால் யாருக்குக் கோபம் வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கோபம் வருபவரைத் தலைவராகப் போடாதீர்கள்.

கடைசியாக அந்தச் சாட்டிலைட் கருவி. வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ, கார்மின் இன்ரீச் மாதிரி மெசேஜ் கருவியோ இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். இது தெரியாமல் பையில் வைத்திருந்த வெளிநாட்டு மலையேறிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கில் மாட்டியிருக்கிறார்கள். மலைக்குப் போகும் முன்பே உங்கள் அண்ணன் மீனம்பாக்கத்தில் மாட்டிக்கொள்வார். பதிலுக்கு ஆளுக்கொரு விசில்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. இரவில் டார்ச்சையும் அதே கணக்கில் காட்டலாம். எதிர்ப்பக்கத்திலிருந்து மூன்று ஊதல் வந்தால் கேட்டுவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகும் நிறுத்தாமல் ஊதுங்கள், தேடி வருகிறவருக்குத் திசை வேண்டும். அண்ணன் ஏதாவது கொண்டுவந்தே தீருவேன் என்றால் நல்ல கம்பளி சாக்ஸ் எட்டு ஜோடி கேளுங்கள்.